கெரானாவின் குதிகால்

கெரானாவின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். பாதங்களை மறந்தவர் எங்கள் ஊரில் யாருமில்லை. ஜூன் மூன்றாம் தேதி புனிதர் கான்ஸ்தந்தீன் திருநாள் அன்று, பொழுது சாய்ந்ததும் ஊர்த்திடலில் வட்டமாகப் பரப்பிய தணலின்மேல் வெறுங்காலுடன் ஆடுகிற ஆறு பேரில் அவளும் ஒருத்தி. பருத்த, அகன்ற பாதங்கள். குதிகாலில் வெடிப்பென்றால் வெடிப்பு, அப்படியொரு வெடிப்பு. வருஷம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கால்களை அன்று ஒரு நாள் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இருபத்து நாலு வயதில் முதன்முதலாகத் தணலில் இறங்கினாள். அன்று மேளம் அடித்தவன் அவள் புருஷன் வெல்கோ. அதற்குப் பிறகு முப்பது வருஷமும் அவன்தான் அடித்தான், அவள்தான் ஆடினாள். ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை.

சுடாததற்குக் காரணம் என்னவென்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. புனிதர் ஏற்றுக்கொண்டவர்களைத் தீ தொடாது. புனிதர் படத்தை வைத்துப் பூட்டும் புனிதர் வீட்டின் சாவியை வைத்திருக்கும் தியான்கோ மாமா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "சுட்டா, அவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

இதை நம்புவதற்குக் கெரானாவுக்கு இதற்குமேல் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய ஒரே பிள்ளை ராதுல் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அது ஒரு ஜனவரி மாதம். அந்த ஜூனில் அவள் ஆடப்போவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ புனிதர் படத்தை வலக்கையில் அணைத்துக்கொண்டு தணலில் இறங்கினாள். மூன்றாவது அடி வைக்கும்போது இடக்கைச் சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்தது. சாலையைக் கடக்கும்போதெல்லாம் ராதுல் அந்த விரலைத்தான் பிடிப்பான். தணலைக் கடந்து முடிக்கும்வரை அந்தப் பிடி விடவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

இதை வெல்கோவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவன் ஒரு நாளும் தணலில் இறங்காதவன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் தரையைப் பார்த்தபடி ஒரே கேள்வியைக் கேட்பான்.

"வந்தானா?"

"வந்தான்."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுத்த ஜூன்வரை நாளை ஓட்டிவிடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததற்கும், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததற்கும் அதுதான் காரணம்.

மற்ற நாட்களில் கெரானா பக்கத்து ஊர் சீஸ் கூடத்தில் வேலை பார்த்தாள். பால் திரிந்த தண்ணீரும் உப்புத்தண்ணீரும் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு முழங்கால்வரை வெள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டினால் கழற்றப் பிற்பகல் மூன்று மணியாகும். உள்ளே கால் வெந்து, ஊறி, வெளுத்துப் போயிருக்கும். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கெரானாவுக்கு மட்டும் அது விரலிடுக்கோடு நிற்காமல் அடிப்பாதம் முழுக்கப் பரவியது. தோல் தடித்து, மாவு பூத்து, அரித்தது. போதாக்குறைக்கு ஒரு வாடை வேறு.

திருநாள் காலையில் ஆடுகிறவர்கள் காட்டு ஊற்றில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் காலை இன்னொருவர் கழுவிச் சிவப்புத் துண்டால் துடைத்துவிட வேண்டும். வாடை முற்றிய அந்த வருஷம் கெரானாவின் காலைக் கழுவியவள் திமித்ரா. வயதில் சின்னவள், வெடுக்கென்று பேசுகிறவள்.

"என்னக்கா இது, கால்ல இப்படி வாடை? சீஸ் தொட்டிக்குள்ளயே படுத்துத் தூங்குறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெரானாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் உள்ளே கூனிக் குறுகிப் போனாள். ஊரெல்லாம் பார்க்கிற கால். புனிதர் படத்தைச் சுமந்து நடக்கிற கால். அதைப் போய் ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைக்கும்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு முழுதும் மனசு ஆறவில்லை. அடுத்த ஜூனுக்குள் இதைத் துடைத்தெறிய வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

வினிகரில் காலை ஊறவைத்தாள். வெல்கோவின் ரக்கியாவைத் திருடி ஊற்றிப் பார்த்தாள். சாராயம் குறைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை, கூடத்தில் கூடுதல் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடலோர நகரத்துக்குப் பஸ் ஏறினாள். புருஷனிடம் ஏன் மறைத்தாள் என்றால், வெட்கம்தான். தீயையே மிதிக்கிறவள் சேற்றுப்புண்ணுக்கு டாக்டரிடம் போனாள் என்று யார் சிரித்தாலும் பொறுத்துக்கொள்வாள். அவன் சிரித்தால் தாங்காது.

தோல் டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூஞ்சை உள்ள வரைக்கும் போயிருக்கும்மா. மேல இவ்வளவு கெட்டித்தோல் இருந்தா எந்த மருந்தும் இறங்காது. ஒரு களிம்பு எழுதித் தரேன். அது முதல்ல இந்தத் தடிப்பக் கரைச்சு எடுக்கும், அப்புறம் கிருமியக் கொல்லும். ராத்திரி பூசி, மெல்லிசா பிளாஸ்டிக் தாள சுத்தி, சாக்ஸ் போட்டுக்கங்க. மூணு வாரம். அதுக்கு மேல வேண்டாம். கொஞ்சம் எரியும், உரியும். பயப்படாதீங்க."

"ஜூன் மூணுக்குள்ள சுத்தமாயிடுமா?"

"என்ன விசேஷம், கல்யாணமா?"

"கோயில் திருநாள்."

"அதுக்குள்ள கொழந்தைக் கால் மாதிரி ஆயிடும் பாருங்க," என்று சிரித்தாள் டாக்டரம்மா. அவள் வடக்கே எங்கோ சமவெளியில் பிறந்தவள். எந்தக் கோயில், என்ன திருநாள் என்று அவளும் கேட்கவில்லை. கெரானாவும் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

களிம்பையும் பெட்டியையும் தையல் மெஷின் இழுப்பறையில் ஒளித்து வைத்தாள். காலில் பிளாஸ்டிக் தாள் சரசரக்கும் என்பதால் ராதுலின் பழைய அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஏன் அங்க போற?"

"நீ விடுற குறட்டைல தூங்க முடியல."

"முப்பது வருஷமா கேக்காத குறட்டை இப்பத்தான் கேக்குதாக்கும்," என்றான் வெல்கோ. அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

முதல் வாரம் மிளகாய் தேய்த்தது போலக் காந்தியது. இரண்டாம் வாரம் அடிப்பாதத் தோல் காய்ச்சின பாலின் ஆடை போலச் சுருண்டு வந்தது. ஆசையாக உரித்து எடுத்தாள். மூன்றாம் வாரம் வாடை போயிற்று. ஆனால் இடது குதிகாலில் காசளவு தடிப்பு மிச்சமிருந்தது. அது திமித்ராவின் கண்ணில் பட்டுவிட்டால்? இன்னொரு வியாழக்கிழமை போய் மருந்துக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு குழாய் வாங்கி வந்தாள். மே மாதக் கடைசிவரை, விட்டுவிடாமல் பூசினாள். பாதம் இளஞ்சிவப்பாக, மழமழவென்று ஆகிவிட்டது. சமையலறைத் தரையில் கிடந்த ஒரு ரொட்டித் துணுக்கை மிதித்தால்கூடக் குத்தியது. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. புனிதருக்கு முன்னால் இந்த வருஷம்தான் சுத்தமான காலோடு போகிறேன் என்று நினைத்தாள்.

ஊற்றங்கரையில் திமித்ரா வாயைப் பிளந்தாள்.

"அக்கா, யாரு காலு இது? கல்யாணப் பொண்ணு கால் கணக்கா இருக்கு!"

கெரானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அன்று படம் சுமக்கும் முறை அவளுடையது. பொழுது சாய்ந்தது. தணலைப் பரப்பி முடித்திருந்தார்கள். ஆட்டுத்தோல் பைக்குழல் ஊத, வெல்கோ மேளத்தை அடிக்க ஆரம்பித்தான். படத்தை வலக்கையில் அணைத்து, இடக்கையைத் தொங்கவிட்டு, சுண்டுவிரலைச் சற்றே விரித்து வைத்தபடி கெரானா தணலில் இறங்கினாள்.

முதல் அடியிலேயே சுட்டது. முப்பது வருஷத்தில் இல்லாத வலி. அவள் நம்பவில்லை. இரண்டாவது அடி வைத்தாள். பிள்ளை மூன்றாவது அடியில்தானே வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது அடியும் வைத்தாள். விரலை எவரும் பிடிக்கவில்லை. நான்காவது அடியில் அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. படத்தை மட்டும் கீழே விடவில்லை. திமித்ரா பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டாள். கெரானா புல்லில் போய் விழுந்தாள்.

மேளம் நின்றுவிட்டது. தீ அணைகிறவரை மேளம் நிற்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வெல்கோ குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தியான்கோ மாமா குச்சியை எடுத்து இன்னொருவனிடம் கொடுத்தார். கெரானாவைப் பார்க்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க முடியாது. அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? நெதா என்று ஒருத்தி, தெருக்கோடி வீட்டுக்காரி. அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வியாழக்கிழமை கடலோர நகரத்துப் பஸ் நிலையத்தில் கெரானாவைக் கண்டதை அவள்தான் ஊதிவிட்டாள்.

"பூப்போட்ட சட்டை, சிவந்த உதடு. ஐம்பத்து நாலு வயசுல எதுக்குங்கறேன்? மனுஷங்க கண்ணுல மண்ணைத் தூவலாம், புனிதர் கண்ணுல தூவ முடியுமா?"

காப்பிக்கடையில் வெல்கோ நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவன் அவன் முதுகுக்குப் பின்னால் தலைமேல் இரண்டு விரலைக் கொம்பு போல வைத்துக் காட்டினான். பெண்டாட்டியிடம் ஏமாந்தவனுக்கு எங்கள் ஊர் சூட்டுகிற மகுடம் அது. கடைக் கண்ணாடியில் வெல்கோ அதைப் பார்த்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கெரானாவின் கட்டிலோரம் உட்கார்ந்தான். வெகுநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை எங்க போன?"

தீ சுட்டதைவிட அது சுட்டது. தனியறையில் படுத்ததையும் கூடுதல் வேலை என்று சொன்னதையும் அவன் கணக்குப் போட்டுவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. சேற்றுப்புண்ணை மறைக்கப் போய்ப் புருஷனைத் தொலைத்துவிட்டோமே என்று அழுகை முட்டியது.

"தையல் மெஷின் இழுப்பறைல ஒரு பெட்டி இருக்கு. எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சடித்து மடித்திருந்த தாளை அவள் ஒரு நாளும் படித்ததில்லை. வெல்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, உரக்கப் படித்தான்.

"பக்க விளைவுகள். எரிச்சல், சிவத்தல், தோல் உரிதல். மூணு வாரத்துக்கு மேல பூசினா தோல் மெலிஞ்சு போகும், சூடு தாங்காது. பாதத்துல பூசறவங்க வெறுங்காலோட சூடான தரைல நிக்கக்கூடாது. காயம் ஆகலாம்."

கண்ணாடியைக் கழற்றினான். பிறகு சிரித்தான், அழுதான், இரண்டும் ஒன்றாக வந்தது.

"அடிப் பைத்தியமே! இந்தச் சனியன் புடிச்ச களிம்புதானா! நான் என்னென்னவோ நெனச்சுட்டேன், கெரானா. என்னை மன்னிச்சுடு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இதை இப்பவே தியான்கோ மாமாகிட்ட கொண்டுபோய்க் காட்டுறேன். ஞாயித்துக்கெழமை ஊர் நடுவுல நின்னு படிக்கிறேன். அந்த நெதா காதுலயும் விழட்டும்!"

கெரானாவும் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. அவன் கோட்டை மாட்டினான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கதவுவரை போய்விட்டான்.

"நில்லு, வெல்கோ."

"என்ன?"

"தோலு மெலிஞ்சதாலதான் சுட்டுதா?"

"அப்படித்தானே எழுதியிருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா சுடாம இருந்தது, தோலு கெட்டியா இருந்ததாலயா?"

வெல்கோ சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான்.

"என் குதிகால் வெடிப்புதான் என்னைக் காப்பாத்துச்சா? புனிதர் இல்லையா?"

"அப்படி இல்ல. அது வேற, இது வேற."

"எப்படி வேற? புனிதர் ஒவ்வொரு வருஷமும் என் காலைக் காப்பாத்துனாருன்னாத்தான் அவர் அங்க இருந்தாரு. அவர் அங்க இருந்தாத்தான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்க முடியும். அது வெறும் தோல்னா, இருபத்து மூணு வருஷமா என் விரலைப் புடிச்சது யாரு?"

வெல்கோ கதவில் சாய்ந்து நின்றான். அவன் ராதுலைத் தணலில் பார்த்தவனல்ல. அவனுக்கு மகன் என்று மிஞ்சியிருந்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை அவள் சொல்கிற அந்த ஒரு சொல்தான்.

"அந்தத் தாளை அடுப்புல போடு," என்றாள் கெரானா.

"ஊரு உன்னை என்ன சொல்லும் தெரியுமா?"

"சொல்லட்டும். நான் தப்பு செஞ்சேன், புனிதர் என்னைத் தள்ளி வெச்சாரு. அப்படியே இருக்கட்டும். தள்ளி வெக்கிறதுக்காவது அவர் அங்க இருக்கணும்ல?"

"ஏ மனுஷி, என்னை என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சியா? எனக்குக் கொம்பு வெச்சு விடுறானுங்க."

கெரானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அவன் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, தாளையும் பெட்டியையும் மிச்சமிருந்த களிம்பையும் உள்ளே போட்டான். களிம்புக் குழாய் உஸ்ஸென்று பொங்கி நாறியது. எங்கள் ஊரில் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்காகச் செய்ததில் இதைவிடப் பெரியதை நான் கேள்விப்பட்டதில்லை.

தியான்கோ மாமா வந்து கேட்டார். "தப்பு செஞ்சியா?" "செஞ்சேன்," என்றாள் கெரானா. என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனுஷர். மூன்று வருஷம் வட்டத்துக்கு வெளியே, செருப்போடு நிற்க வேண்டும் என்றார்.

இரண்டு ஜூன் மாதங்கள் அப்படியே நின்றாள். வெல்கோவுக்கு மேளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவனைப்போல அடிக்க வேறு ஆள் இல்லை. காப்பிக்கடைக்குப் போவதை அவன் விட்டுவிட்டான். வழியில் விடலைகள் கேலி பேசினால் மேளத்தோலை இழுத்துக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வான். வீட்டில் அவன் அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிந்து நடந்து வரும்போது எதுவும் கேட்கவும் இல்லை.

சீஸ் கூடத்தில் அவளைப் பொட்டலம் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காய்ந்த தரை, துணிச் செருப்பு. சேற்றுப்புண் திரும்ப வரவில்லை. வெந்த இடத்தில் புதுத்தோல் வந்து, மெல்ல மெல்லத் தடித்தது. காலைப் பார்க்கவே கூடாது என்று கெரானா தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டிருந்தாள். ஆனால் பயறு பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், அவளை அறியாமல் கட்டைவிரல் போய்க் குதிகாலை அழுத்திப் பார்க்கும். ஒரு நாள் வெல்கோ அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன பண்ற?"

"அரிச்சுது," என்றாள்.

மூன்றாம் வருஷமும் வெளியே நின்று முடித்தாள். அதற்கடுத்த ஜூனில் திமித்ரா அவள் காலைக் கழுவித் துடைத்தாள். கேலி பேசவில்லை. சொரசொரத்த மஞ்சள் குதிகால். வெடிப்புகூட விழுந்திருந்தது.

மேளம் ஆரம்பித்தது. கெரானா இடக்கையைத் தொங்கவிட்டு, சுண்டுவிரலை விரித்துக்கொண்டு இறங்கினாள். முதல் அடி. சுடவில்லை. இரண்டாவது. சுடவில்லை. மூன்றாவது அடியை மெதுவாக வைத்தாள். காத்திருந்தாள். திடலில் அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நான்காவது, ஐந்தாவது அடி வைத்துக் கடந்துவிட்டாள். ஒரு முறை போதும் என்பதுதான் வழக்கம். அவளோ திரும்பி இன்னொரு முறை இறங்கினாள், மறுபடியும் ஒரு முறை. அடுப்புக்கு முன்னால் நிற்கிற அளவுக்குத்தான் காலில் சூடு. விரலில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. காலுக்கடியில் தன் தோல் எவ்வளவு தடிமன் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் நெதா ஓடிவந்து அவள் தோளில் முத்தமிட்டாள். "புனிதர் மன்னிச்சுட்டாரு, பாத்தீங்களா!" என்று அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. தியான்கோ மாமா தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு ஊரே ஆட்டுக்கறி சூப்பும் ரக்கியாவுமாகக் கெரானாவின் பெயரைச் சொல்லிக் கொண்டாடியது. வெல்கோவின் முதுகில் தட்டி, கொம்பு காட்டியவனே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு நடந்தார்கள். வெல்கோ மேளத்தைத் தோளில் மாட்டியிருந்தான். கிழவனாகிவிட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தபால் பெட்டியைத் தாண்டியதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வந்தானா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவன் அந்தத் தாளை எரித்தான், நாலு வருஷம் தலைகுனிந்து நடந்தான்.

"வந்தான்," என்றாள்.

அவன் நின்றுவிட்டான். "கோவமா இருந்தானா? இத்தனை நாள் நீ வரலன்னு?"

"இல்ல. கெட்டியாப் புடிச்சுக்கிட்டான். விடவே இல்ல. அதான் மூணு தடவை போனேன்."

வெல்கோ தலையை ஆட்டினான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பைக்குள்ளிருந்து அவளுடைய செருப்பை எடுத்து, குனிந்து, அவள் காலுக்கு முன்னால் நேராக வைத்தான்.

"போட்டுக்க. சரளைக்கல்லு குத்தும்," என்றான்.

கெரானா போட்டுக்கொண்டாள். கல் எதுவும் குத்தவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.